கோடை விடுமுறையில் ஹம்பி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே, விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பியைப் பற்றிய கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அந்த ஊருக்கு ஏற்ற காலம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அந்த மாதங்களில் பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும், பெரியவர்களுக்கு ஒன்றாக லீவு கிடைக்காது. ஏப்ரல், மே விட்டால் வேறு வழியில்லை என்கிற குடும்பங்கள்தான் நம்மில் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கோடையில் ஹம்பிக்குத் தாராளமாகப் போகலாம். பார்க்க நினைத்ததில் பாதியை விட்டுவிட மனம் ஒப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஏப்ரல், மே மாதங்களில் அங்கே வெயில் எப்படி இருக்கும்?

பகலில் 38 முதல் 40 டிகிரி வரை சர்வசாதாரணம். சில நாள் அதற்கும் மேலே போகும். ஹம்பி இருப்பது கர்நாடகத்தின் வறண்ட உள்பகுதியில், பல்லாரிக்குப் பக்கத்தில். போதாக்குறைக்கு ஊர் முழுக்கப் பாறை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட் அது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்த பிறகும் வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் மாலை நான்கு மணிக்கு "வெயில் தாழ்ந்துவிட்டது" என்று கிளம்பினால் பாறைச் சூடு முகத்தில் அடிக்கும். விடியற்காலை மட்டும் நன்றாக இருக்கும். நாளின் நல்ல பகுதி முழுவதும் அந்த மூன்று, நான்கு மணி நேரத்தில்தான் இருக்கிறது.

நாங்கள் சென்னை வெயிலையே பார்த்தவர்கள். இது என்ன பெரிய வெயில்?

இப்படி நினைத்துப் போகிறவர்கள்தான் முதல் நாளே படுத்துவிடுகிறார்கள். சென்னையில் சட்டை நனைந்து ஒட்டும். "தண்ணீர் குடி" என்று உடம்பே சொல்லிவிடும். ஹம்பியில் காற்று வறண்டது. வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் வியர்த்ததே தெரியாது. சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருப்பதைப் பார்த்தால்தான் எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று புரியும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வேலூர், திருச்சிக்காரர்களுக்கு இந்த வெயில் ஓரளவு பழக்கம். கடற்கரை ஊர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

எத்தனை நாள் வேண்டும்?

யுனெஸ்கோ 1986-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பரப்பு மட்டும் சுமார் 42 சதுர கிலோமீட்டர். அதற்குள் எஞ்சி நிற்கும் கட்டடங்களும் சிதைவுகளும் 1,600-க்கு மேல். குளிர்காலத்தில் ஓடி ஓடி இரண்டு நாளில் முக்கியமானவற்றை முடிப்பவர்கள் உண்டு. கோடையில் ஒரு நாள் என்பது அரை நாள்தான். குறைந்தது மூன்று இரவு தங்குங்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால், விருபாக்ஷர் கோயில், ஹேமகூடம், விட்டலர் கோயில், ஹஜார ராமர் கோயில் ஆகிய நான்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்த நான்கை நிதானமாகப் பார்த்தவர், இருபது இடங்களைக் காரிலிருந்து இறங்கி ஏறிப் பார்த்தவரைவிட அதிகம் பார்த்தவர் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

விடிவதற்கு முன்பே அறையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். ஹேமகூட மலை விருபாக்ஷர் கோயிலை ஒட்டியே இருக்கிறது. சரிவான பாறைதான்; பாட்டி, தாத்தாவும் மெதுவாக ஏறிவிடலாம். அங்கிருக்கும் சிறு சிறு சிவன் கோயில்களில் பல, விஜயநகரம் தோன்றுவதற்கு முன்பே கட்டப்பட்டவை. கால் பலம் உள்ளவர்கள் மாதங்க மலைக்குப் போகலாம். சுற்றுவட்டாரத்தில் அதுதான் உயரம். சூரிய உதயத்துக்குப் பேர்போனது. படிகள் செங்குத்தாக இருக்கும், பல இடங்களில் கைப்பிடி கிடையாது. இருட்டில் தனியாக ஏற வேண்டாம், கூட்டமாகப் போங்கள்.

இறங்கி வந்து டிபன். ஒன்பது மணிக்குள் டிக்கெட் வாங்க வேண்டிய இடம் ஒன்றுக்குப் போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் திறந்த வெளியில் நிற்கவே கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டிலிருந்து நான்கரை வரை அறை, சாப்பாடு, தூக்கம். ஐந்து மணிக்கு மேல் ஓர் இடம், ஒன்றே ஒன்று. "இவ்வளவு தூரம் வந்து தூங்குவதா" என்று சிலர் குறைப்படுவார்கள். அந்த மதியத் தூக்கம் இல்லாவிட்டால் மறுநாள் காலையும் போய்விடும்.

எங்கே நிழல் உண்டு, எங்கே இல்லை?

இதைத் தெரிந்துகொண்டு திட்டம் போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அரண்மனை வளாகத்தில் நிழல் என்பதே இல்லை. மகாநவமி மேடை, படிக்குளம், நூறு தூண் மண்டபத்தின் அடித்தளம் எல்லாம் பொட்டல் வெளியில் இருக்கின்றன. அரசர்கள் வாழ்ந்த இடம் இப்படி மொட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அரண்மனைகளின் மேல்பகுதி மரத்தால் ஆனது. 1565-இல் நகரம் சூறையாடப்பட்டபோது அவை எரிந்துபோயின. கல் அடித்தளம் மட்டும் மிஞ்சியது. இங்கே காலையில் போகாவிட்டால் போகவே வேண்டாம்.

அதே வளாகத்தை ஒட்டிய ஹஜார ராமர் கோயில் அதற்கு நேர்மாறு. உள்மண்டபத்தில் பளபளவென்று மெருகேற்றிய கருங்கல் தூண்கள். தொட்டால் வெளியே இவ்வளவு வெயில் அடிக்கிறதா என்று தோன்றும். சுவரைச் சுற்றி ராமாயணம் முழுவதும் வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். தசரதரின் யாகத்தில் தொடங்கி, பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே சுற்றி வரலாம். சுவரின் எந்தப் பக்கம் நிழலாக இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

விட்டலர் கோயிலின் முற்றம் கொதிக்கும். ஆனால் சுற்றிலும் மண்டபங்கள் இருப்பதால் ஓரமாக உட்கார்ந்து கல் தேரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். விருபாக்ஷர் கோயிலிலிருந்து ஆற்றோரமாக விட்டலர் கோயிலுக்குப் போகும் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் நடைபாதை ஹம்பியிலேயே அழகானது. வழியில் மண்டபங்கள் இருந்தாலும் காலையில் மட்டும் நடங்கள், மதியத்தில் வேண்டாம். தாமரை மகால் இருக்கும் அந்தப்புர வளாகத்தில் மரங்கள் உண்டு. கமலாபுரத்து அருங்காட்சியகம் பத்து, பதினொரு மணிக்கு ஏற்றது. ஹம்பியின் நிலத்தோற்றத்தை மாதிரியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். அதை முதல் நாளே பார்த்துவிட்டால் எது எங்கே என்ற குழப்பம் இருக்காது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

பிரசன்ன விருபாக்ஷர் கோயிலை நிலத்தடிக் கோயில் என்பார்கள். தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. உள்ளே இருட்டு, வௌவால், பெரும்பாலும் தரையில் தண்ணீர். குளுமை பிடிக்கும் என்றால் எட்டிப் பார்க்கலாம். குழந்தைகள் பயப்படலாம்.

செருப்பு, உடை விஷயத்தில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

அவசியம். விருபாக்ஷர் கோயிலில் இன்றும் பூஜை நடக்கிறது. செருப்பை வெளியே விட வேண்டும். ஆற்றோரத்துக் கோதண்டராமர் கோயில், மால்யவந்த மலைமேல் இருக்கும் ரகுநாதர் கோயில் இரண்டிலும் அப்படியே. பத்து மணிக்கு மேல் அந்தக் கல் முற்றத்தில் வெறுங்காலுடன் நடந்தால் பாதம் பொரிந்துவிடும். எனவே இந்த மூன்றையும் காலை எட்டரைக்குள் முடியுங்கள். பையில் ஆளுக்கொரு ஜோடி தடித்த பருத்திக் காலுறை வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தைக் கடக்க அது போதும். விட்டலர் கோயில், ஹஜார ராமர் கோயிலில் வழிபாடு இல்லை, செருப்போடு போகலாம். பாறையில் வழுக்காத, பின்பக்கம் பட்டை உள்ள செருப்பு நல்லது.

உடைக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி. குடை எடுத்துப் போகக் கூச்சமே வேண்டாம். தொப்பியைவிடக் குடை மேல். ஒரு பருத்தித் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் அந்த வறண்ட காற்றில் சில்லென்று இருக்கும். நம் கடற்கரை ஊர்களில் இந்த உபாயம் இந்த அளவுக்கு வேலை செய்யாது.

எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போவது? வெறும் தண்ணீர் போதுமா?

வெளியில் நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு அரை லிட்டராவது வேண்டும். கடைகள் விருபாக்ஷர் கோயில் பக்கமும் நுழைவாயில்களிலும் உண்டு, இடையில் கிடையாது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் கணக்கில் குடித்தால் உடம்பில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். இளநீர், உப்புப் போட்ட மோர், எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லது. மருந்துக் கடையில் ஓஆர்எஸ் பொட்டலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். அரைப் பாட்டிலில் கொட்டிக் கலக்கக் கூடாது. பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து போட்டுக் கலக்குங்கள். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களும் கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் தாக்கியிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் கட்டத்தில் தலைசுற்றல், குமட்டல், கெண்டைக்காலில் குரக்களி, அதிக வியர்வை, சோர்வு. உடனே நிழலுக்குக் கூட்டிப் போய்ப் படுக்க வையுங்கள். கால்களைச் சற்று உயர்த்தி, உடையைத் தளர்த்தி, ஓஆர்எஸ் கொடுங்கள். அன்றைக்கு அவருக்குச் சுற்றிப் பார்த்தது போதும்.

பேச்சு குழறினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், நடை தள்ளாடினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்ப வாதம், உயிருக்கு ஆபத்து. 108-ஐ அழையுங்கள், கர்நாடகத்திலும் அதே எண்தான். வண்டி வரும்வரை சும்மா இருக்காதீர்கள். கையிலிருக்கும் தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். கடைக்காரர்களிடம் கேட்டால் கொடுப்பார்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. வியர்வை நின்றால்தான் வெப்ப வாதம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், வியர்த்துக்கொண்டிருக்கும்போதும் வரலாம். குழப்பமான பேச்சுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய அடையாளம்.

சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாமா?

போகலாம், அவர்களுக்கு ஏற்றபடி நடந்தால். குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். விளையாட்டு மும்முரத்தில் தண்ணீர் கேட்க மாட்டார்கள், நாம்தான் கொடுக்க வேண்டும். கைக்குழந்தை இருந்தால் இந்தப் பயணத்தைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பேன். வயதானவர்களுக்கு விட்டலர் கோயில் வாசல்வரை பேட்டரி வண்டி இருக்கிறது. உள்ளூர்ப் பெண்கள்தான் ஓட்டுகிறார்கள். அரண்மனைப் பகுதியில் கோயிலுக்குக் கோயில் ஆட்டோவிலேயே போய்விடலாம். நிறுத்திய காருக்குள் குழந்தையையோ முதியவரையோ ஐந்து நிமிடம்கூட உட்கார வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

டிக்கெட் எவ்வளவு?

விட்டலர் கோயில், அந்தப்புர வளாகம், கமலாபுரம் அருங்காட்சியகம் மூன்றுக்கும் சேர்த்து இந்தியர்களுக்கு 40 ரூபாய். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். அந்த டிக்கெட் அன்றைக்கு மட்டும் செல்லும், எனவே பத்திரமாக வைத்திருங்கள். மூன்றையும் ஒரே நாளில் பார்த்துப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று கோடையில் நினைக்க வேண்டாம். மறுநாள் இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். மற்ற இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை.

துங்கபத்திரையில் குளிக்கலாமா?

கூடாது. ஆற்றில் முதலை உண்டு. பாறைகளுக்கு நடுவே சுழலும் உண்டு. கோடையில் நீர் குறைந்து சாதுவாகத் தெரிவதால்தான் இறங்கத் தோன்றும். விருபாக்ஷர் கோயில் படித்துறையில் உள்ளூர்க்காரர்கள் குளிக்கும் இடத்தில் நின்று நீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளலாம், அதற்குமேல் வேண்டாம். பரிசல் உண்டு, நீர்மட்டத்தைப் பார்த்து ஓட்டுவார்கள். உயிர்காப்பு மேலாடை கொடுக்காத பரிசலில் ஏறாதீர்கள்.

கோடையில் போவதால் நன்மை ஏதாவது உண்டா?

உண்டு. எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

ஆற்றில் நீர் குறைந்திருப்பதால் கோடிலிங்கத்தைப் பார்க்கலாம். ஆற்றோரத் தட்டைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கிய லிங்கங்கள். ஒவ்வொன்றும் ஆவுடையாரோடு, பாறையின் உடம்பிலேயே இருக்கும். வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும். அதேபோல் புரந்தரதாசர் மண்டபம். அணையைத் திறந்தால் தூண்கள் தண்ணீருக்குள் போய்விடும். கோடையில் அங்கே உட்கார்ந்து ஆற்றுக் காற்று வாங்கலாம். பாட்டுக் கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும் சரளி வரிசையை வகுத்துக் கொடுத்தவர் என்று சங்கீத மரபு சொல்வது இந்தப் புரந்தரதாசரைத்தான்.

வெயில் இல்லாமல் பார்க்க முடியாத ஒன்று விருபாக்ஷர் கோயிலுக்குள் இருக்கிறது. கருவறைக்குப் பின்பக்கம் ஓர் இருட்டறை. சுவரில் சின்னத் துளை. அதன் வழியாக வரும் ஒளி, கிழக்குக் கோபுரத்தைத் தலைகீழாக எதிர்ச்சுவரில் விழ வைக்கிறது. ஏறத்தாழ 50 மீட்டர் உயரக் கோபுரம், கலசம் கீழே, வாசல் மேலே. உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழக அவகாசம் கொடுங்கள். துளைக் கேமரா பாடம் படித்த பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

கன்னடப் பஞ்சாங்கத்தின் சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டி விருபாக்ஷர் தேர்த் திருவிழா நடக்கும். கூட்டம் இருக்கும், அறை கிடைப்பது சிரமம். தேர் பார்க்கும் ஆசை இருந்தால் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மற்ற நாட்களில் கோடையில் கூட்டமே இல்லை.

இடிந்த கற்கள்தானே, பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டாதா?

வருடமும் அரசர் பெயரும் சொன்னால் அலுப்புத்தான் தட்டும். கண்டுபிடிக்க ஏதாவது கொடுங்கள்.

படிக்குளத்தின் கருங்கற்களைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கல் எந்த வரிசையில் எங்கே பொருந்த வேண்டும் என்று கல்தச்சர்கள் பொறித்த குறிகள் இருக்கும். வேறெங்கோ செதுக்கி, குறிபோட்டு, கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். 1980-களில் தோண்டி எடுக்கும்வரை இந்தக் குளம் மண்ணுக்குள் இருந்தது. பக்கத்திலேயே தூண்கள்மேல் ஓடும் கல் வாய்க்கால். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போயிருக்கும் என்று அவர்களே தடம் பிடிக்கட்டும்.

லக்ஷ்மி நரசிம்மர் 1528-இல் கிருஷ்ணதேவராயர் காலத்தில் ஒரே பாறையில் வடிக்கப்பட்டவர், 6.7 மீட்டர் உயரம். மடியில் இருந்த லக்ஷ்மியை உடைத்துவிட்டார்கள். ஆனால் அவரை அணைத்திருந்த தாயாரின் கை மட்டும் முதுகுப்பக்கம் இன்னும் இருக்கிறது. "அந்தக் கை எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்துச் சன்னிதியில் எப்போதும் தண்ணீருக்குள் நிற்கும் படவிலிங்கம்.

கல் தேர் நம் 50 ரூபாய் நோட்டின் பின்பக்கம் இருக்கிறது. புது நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்து ஒப்பிடச் சொல்லலாம். முன்னால் நிற்கும் யானைகள் பிற்காலத்தில் கொண்டுவந்து வைத்தவை. மேலே செங்கல்லால் ஆன விமானம் ஒன்றும் இருந்தது. 1856-இல் எடுத்த புகைப்படத்தில் அது தெரிகிறது.

தமிழ்நாட்டுக்கும் ஹம்பிக்கும் தொடர்பு உண்டா?

நிறைய. திருவண்ணாமலை ராஜகோபுரத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணதேவராயர். முடித்தவர் தஞ்சாவூர்ச் செவ்வப்ப நாயக்கர். காஞ்சி ஏகாம்பரநாதர் ராஜகோபுரமும் கிருஷ்ணதேவராயர் காலத்ததே. மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் விஜயநகரத்தின் கீழிருந்து வளர்ந்தவர்கள். ஸ்ரீரங்கத்துக் குதிரைத் தூண்களையும் வேலூர்க் கோட்டைக் கோயிலின் கல்யாண மண்டபத்தையும் பார்த்தவர்களுக்கு விட்டலர் கோயில் தூண்கள் தெரிந்த முகங்களாக இருக்கும். அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே திருமங்கையாழ்வாருக்கு ஒரு கோயில் உண்டு. பேருந்துக் கூட்டம் அந்தப் பக்கம் போவதில்லை.

1565 ஜனவரியில் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றபின் தலைநகர் பெனுகொண்டாவுக்கும், பிறகு சந்திரகிரிக்கும் வேலூருக்கும் நகர்ந்தது. 1639-இல் சென்னையில் கோட்டை கட்ட ஆங்கிலக் கம்பெனிக்கு இடம் கொடுத்த தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் அந்த மிச்சப் பேரரசுக்கு அடங்கிய தலைவர்தான்.

ஹம்பி கிருஷ்ணர் கோயிலுக்குப் போகுமுன் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஒரிசா கஜபதியிடமிருந்து உதயகிரிக் கோட்டையை 1513 வாக்கில் வென்ற கிருஷ்ணதேவராயர், அங்கிருந்த பாலகிருஷ்ணர் சிலையைக் கொண்டுவந்து, அதற்காகக் கட்டியதுதான் அந்தக் கோயில். சிலை இப்போது எழும்பூரில் இருக்கிறது. அங்கே மூர்த்தியைப் பார்த்துவிட்டு ஹம்பியில் வெறும் கருவறை முன் நிற்கும்போது மனம் கனக்கும். எந்தப் புத்தகமும் தராத புரிதல் அது.

இசைத் தூண்களைத் தட்டிப் பார்க்கலாமா? பாறை, மண்டபங்கள்மேல் ஏறலாமா?

தட்டக் கூடாது. பல தலைமுறை தட்டித் தட்டித் தேய்ந்ததால்தான் விட்டலர் கோயிலின் அந்த மண்டபத்துக்குள் விடுவதில்லை. கல் தேரின் சக்கரங்கள்கூட ஒரு காலத்தில் சுழன்றவை. சுற்றிச் சுற்றித் தேயவே சிமெண்டு வைத்து நிறுத்தினார்கள். 2019-இல் யானைக் கொட்டாரத்தின் பக்கத்துக் கோயிலில் தூண்களைத் தள்ளிவிட்ட இளைஞர்களுக்கு நீதிமன்றம் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் விதித்து, விழுந்த தூணை அவர்களையே நிமிர்த்த வைத்தது. படம் எடுப்பதற்காக மண்டபக் கூரைமேலும் சிற்பங்கள்மேலும் ஏறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்; பிள்ளைகள் முன்னால் நாம் அதைச் செய்யக் கூடாது.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது?

பெங்களூரு போய், இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலையில் ஹொசபேட்டை. அங்கிருந்து ஹம்பி 13 கிலோமீட்டர். பேருந்தும் ஆட்டோவும் உண்டு. சென்னையிலிருந்து மும்பை ரயில்களில் குண்டக்கல் வரை போய் மாறலாம். மே மாதத்தில் ரயில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

கோடைக்கு ஹொசபேட்டையில் ஏசி அறை எடுங்கள். ஹம்பி கிராமத்து விடுதிகள் எனக்குப் பிடிக்கும். ஆனால் மின்தடை வந்தால் மதிய ஓய்வு போய்விடும். ஆற்றுக்கு அக்கரையில் விருபாபுர கட்டே என்ற தீவில் குடில்கள் இருப்பதாகப் பழைய குறிப்புகளில் படித்திருப்பீர்கள். 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அவை இடிக்கப்பட்டுவிட்டன.

சாப்பாட்டில் மதியத்துக்குச் சோளரொட்டி, எண்ணெய்க் கத்திரிக்காய், மோர். மிளகாய் பஜ்ஜி அங்கே பிரசித்தம், மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நறுக்கி வைத்த தர்பூசணியை வாங்காதீர்கள், கண்முன்னே நறுக்கச் சொல்லுங்கள். கோயிலைச் சுற்றி அசைவமும் மதுவும் கிடையாது.

சைக்கிளா, ஸ்கூட்டரா, ஆட்டோவா?

கோடையில் ஆட்டோ. அரை நாள் வாடகை பேசிக்கொள்ளுங்கள்.

மழை வருமா?

மே மாதம் சில நாள் மாலையில் திடீரென்று கறுத்து, இடி மின்னலோடு பெய்யும். மலைமேல் இருந்தால் முதல் இடிச் சத்தத்திலேயே இறங்கத் தொடங்குங்கள். மொட்டைப் பாறையில் நிற்பதும் தனி மரத்தடியில் ஒதுங்குவதும் ஆபத்து. ஈரப் பாறை வழுக்கும். மறுநாள் காலை வானம் கழுவி விட்டதுபோல் இருக்கும். அன்றைக்கு மட்டும் அஞ்சனாத்ரி மலை ஏறலாம். 575 படி. அனுமன் பிறந்த இடம் என்பது நம்பிக்கை.

பாதாமி, ஐஹொளெ, பட்டதக்கல்லையும் சேர்த்து முடித்துவிடலாமா?

ஹம்பியிலிருந்து பாதாமி ஏறத்தாழ 140 கிலோமீட்டர். வரைபடத்தில் பார்த்தால் பக்கம்தான். இந்தக் கேள்வியைக் கேட்பவர்களுக்கு நான் எப்போதும் வேண்டாம் என்றே சொல்கிறேன். அவை சாளுக்கியர் காலத்தவை, ஹம்பிக்கு 700, 800 ஆண்டு மூத்தவை. அவற்றுக்கென்று தனியாக நாள் வேண்டும். பாதாமிக் குடைவரைகளுக்குள் குளுமைதான், ஆனால் அங்கே ஏறும் படிகளில் வெயில் நேராக அடிக்கும். ஹம்பியில் மூன்று நாள் காய்ந்த உடம்போடு அங்கே போனால் எதுவும் மனத்தில் நிற்காது. அரையாண்டு விடுமுறைக்கு இப்போதே அங்கே அறை பார்த்து வையுங்கள்.